மொரிஸ் மைனரில் டட்சன் எஞ்சின்: கிளச்சை ஹைட்ரோலிக்காக மாற்றும்போது

கேள்வி: ஐயா, வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. 1098 சிசி. எஞ்சின் ஒயில் குடிக்கிறது, கியர்பொக்ஸிலும் சத்தம். டட்சன் சனி பி310 காரின் ஏ14 எஞ்சின் கியர்பொக்ஸோடு சேர்த்துக் கிடைத்திருக்கிறது. பழைய கிளச் கம்பிகளையே வெட்டி ஒட்டிப் பொருத்தலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். ஹைட்ரோலிக் போடாவிட்டால் சரிவராது என்கிறார் மற்றவர். யார் சொல்வதைக் கேட்பது? போடுவதென்றால் எப்படித் தொடங்குவது?

பதில்: தம்பி, இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். ஹைட்ரோலிக் போடுங்கள். ஆனால் எஞ்சினைக் காருக்குள் இறக்குவதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். எஞ்சின் மாற்றுகிற பெரும்பாலான கராஜ்களில் மவுண்டிங் வெல்டிங், புரோப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாம் முடிந்த பிறகுதான் கிளச் நினைவுக்கு வருகிறது. அப்போது கையை நுழைக்கக்கூட இடம் இருக்காது. இருக்கிற இடத்தில் அகப்பட்ட சிலிண்டரைப் பூட்டுவார்கள். பிறகு கியர் விழவில்லை, பெடல் கல்லாக இருக்கிறது, கிளச் வழுக்குகிறது என்று ஒவ்வொன்றாக வரும்.

பழைய கம்பி இணைப்பு ஏன் ஒத்துவராது என்பதை முதலில் பாருங்கள். மைனரில் கிளச் பெடலில் இருந்து ஒரு கம்பி புறப்பட்டு ஒரு குறுக்குத் தண்டுக்குப் போகிறது. அந்தத் தண்டின் ஒரு முனை சஸியில், மறுமுனை கியர்பொக்ஸில். அங்கிருந்து இன்னொரு கம்பி கிளச் போர்க்கைத் தள்ளுகிறது. ஆகவே ரப்பர் மவுண்டிங்கில் அசைந்துகொண்டிருக்கும் எஞ்சினும் அசையாத சஸியும் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கார் புறப்படும்போது எஞ்சின் ஒரு பக்கம் முறுகும். அந்த முறுக்கல் கம்பி வழியாகக் கிளச்சுக்குப் போய் அதைப் பிடித்து விடும், பிடித்து விடும். புறப்படும்போது கார் குதித்துக் குதித்து நகர்வதற்கு மைனரில் இது ஒரு பெரிய காரணம். அதைக் கட்டுப்படுத்தத்தான் மொரிஸ் காரர்கள் எஞ்சின் அசைவைப் பிடித்து வைக்கும் ஒரு கம்பியையும் கொடுத்தார்கள். மவுண்டிங் ரப்பர் இளகிய பழைய மைனரை ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

டட்சன் எஞ்சினை வைத்தால் மவுண்டிங் மாறும், கியர்பொக்ஸின் நீளம் மாறும், போர்க் வெளியே வரும் இடமும் உயரமும் மாறும். பழைய கம்பிகளைச் சரிந்த கோணத்தில் ஒட்டிக் கொண்டுபோனால் பாதித் தள்ளல் வீணாகப் பக்கவாட்டில் போகும். ஹைட்ரோலிக்கில் இந்தத் தொல்லையே இல்லை. பெடலோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும், அந்த ஒயிலின் பலத்தில் கியர்பொக்ஸில் இருக்கும் சிலேவ் சிலிண்டர் போர்க்கைத் தள்ளும். வளையும் ஒரு ஹோஸ் இடையில் இருப்பதால் எஞ்சின் எவ்வளவு ஆடினாலும் கிளச்சுக்குத் தெரியாது. பி310 சனியில் கிளச் பிறப்பிலேயே ஹைட்ரோலிக்தான். சிலேவ் சிலிண்டரைப் பூட்டுவதற்கான இடம் கியர்பொக்ஸின் முன்கூட்டில் வார்ப்பிலேயே இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைச் செய்யப் போக வேண்டாம்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே காரில் இருந்து வந்தது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. கிளச் பிளேற்றின் நடுவில் உள்ள பற்கள் கியர்பொக்ஸின் தண்டுக்குப் பொருந்த வேண்டும். பிரஷர் பிளேற் பிளைவீலுக்குப் பொருந்த வேண்டும். ரிலீஸ் பெயாரிங்கின் கூடு பிரஷர் பிளேற்றின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். நிசான் இந்தக் கூட்டைப் பல நீளங்களில் செய்திருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறொரு பிரஷர் பிளேற்றுக்கு உரிய குட்டைக் கூட்டைப் போட்டால் போர்க் தன் முழுத் தூரம் போனாலும் கிளச் விடாது. நீளமானதைப் போட்டால் பெயாரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே பழைய கூட்டை எறிந்துவிடாதீர்கள். பெயாரிங்கை மட்டும் அதிலிருந்து அழுத்தி எடுத்துப் புதியதை ஏற்றுங்கள். பிரஷர் பிளேற் புதிதாக வாங்கினால் பழையதன் அருகே வைத்து, நடு விரல்களின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இனி அளவு. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாலை நேரம் போனாலும் பரவாயில்லை, பென்சிலை எடுங்கள்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் பூட்டியபடி தரையில் இருக்கட்டும். கியரை டொப்பில் போடுங்கள். பின்பக்க பிளாஞ்சைக் கையால் திருப்பினால் எஞ்சின் பாரம் தெரியும், இலகுவில் திரும்பாது. இப்போது சிலேவ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தற்காலிகப் பட்டையைப் பூட்டி, அதில் ஒரு நீண்ட போல்ற்றை வைத்துப் போர்க்கின் முனையை மெல்ல மெல்லத் தள்ளுங்கள். பெயாரிங் விரல்களைத் தொடும் இடத்தில் ஓர் அளவு. பிளாஞ்ச் சட்டென்று இலகுவாகச் சுற்றும் இடத்தில் இன்னோர் அளவு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் கிளச் விடுபடத் தேவையான தூரம். அது 15 மில்லிமீற்றர் என்று வைப்போம். சூடேறும்போதும் பிளேற் சற்று நெளிந்திருந்தாலும் உதவ 3 மில்லிமீற்றர் சேர்த்து 18 என்று எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இருக்கும் எந்த எண்ணை விடவும் உங்கள் கையால் அளந்த இந்த எண் நம்பத்தக்கது.

அடுத்தது பெடல். அச்சில் இருந்து கால் வைக்கும் தட்டின் நடுவரை எவ்வளவு, அதே அச்சில் இருந்து மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ரொட் பூட்டும் துளைவரை எவ்வளவு என்று அளந்து, பெரியதைச் சிறியதால் வகுங்கள். 5 வந்தால், கால் 150 மில்லிமீற்றர் போகும்போது புஷ்ரொட் 30 மில்லிமீற்றர் போகும். அதில் முதல் 2 மில்லிமீற்றர் வேலை செய்யாது. புஷ்ரொட்டின் சிறு இடைவெளிக்கும், மாஸ்டருக்குள் இருக்கும் நுண்துளை மூடுவதற்கும் அது போய்விடும். மிச்சம் 28.

இனி இரண்டு சிலிண்டர்களையும் ஒப்பிட வேண்டும். பெரிய ஊசிக் குழாய் ஒன்றையும் சிறியது ஒன்றையும் ரியூப்பால் இணைத்துத் தண்ணீர் நிரப்பி அழுத்தினால், சிறியதை நிறையத் தள்ளினாலும் பெரியது கொஞ்சம்தான் நகரும், ஆனால் பலமாக நகரும். இங்கேயும் அதுதான். கணக்குக்கு விட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காக எழுதினால் வேலை சுலபம். 5/8 அங்குல மாஸ்டர் என்றால் 10. 11/16 அங்குலம் என்றால் 11. 3/4 என்றால் 12. 7/8 என்றால் 14. மாஸ்டரின் எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள், சிலேவின் எண்ணையும் அப்படியே பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 28 ஆல் பெருக்கினால் சிலேவ் நகரும் தூரம் வந்துவிடும்.

5/8 மாஸ்டரும் 3/4 சிலேவும்: 100ஐ 144 ஆல் வகுத்து 28 ஆல் பெருக்க 19.4 மில்லிமீற்றர். நமக்கு வேண்டியது 18. அளவாகப் பொருந்துகிறது.

அதே மாஸ்டரோடு 7/8 சிலேவ் போட்டால் 14.3 மட்டுமே வரும். கிளச் ஒருநாளும் முழுதாக விடாது. எத்தனை முறை காற்று எடுத்தாலும் விடாது. கியர் விழாத கார்களில் பலவற்றுக்கு நோய் இதுதான். காற்று இருக்கிறது என்று நினைத்து பிரேக் ஒயிலைப் போத்தல் போத்தலாக ஊற்றுவார்கள். அங்கே காற்றே இருக்காது. கணக்குத்தான் பிழை.

இன்னொரு பக்கம், பெரியது நல்லது என்று 3/4 மாஸ்டரை 3/4 சிலேவோடு போட்டால் 28 மில்லிமீற்றர் நகரும். தேவையை விட 10 கூட. விரல்கள் அளவுக்கு மீறி உள்ளே போய் வளையும், பிரஷர் பிளேற் கெடும். பெடலும் பாரமாகும். அதையும் கணக்கில் பார்க்கலாம். பெயாரிங்கில் 120 கிலோ தேவைப்படுகிறது, போர்க் இரண்டுக்கு ஒன்று என்று எடுத்தால் சிலேவில் 60 கிலோ. 5/8 மாஸ்டரில் அது ஏறத்தாழ 42 கிலோவாகிப் பெடலில் 8 கிலோவுக்குச் சற்று மேலே வரும். 3/4 மாஸ்டரில் 60 கிலோ அப்படியே நிற்கும், பெடலில் 12 கிலோ. யாழ்ப்பாண நகருக்குள் சந்திக்குச் சந்தி நின்று நின்று ஓட்டுகிறவருக்கு இந்த 4 கிலோ மாலையில் முழங்காலில் தெரியும்.

நீங்கள் அளந்த எண்கள் என்னுடைய உதாரணத்தில் இருந்து மாறும். மாறட்டும். முறை மாறாது. சிலிண்டரின் விட்டம் அநேகமாக அதன் உடம்பிலேயே வார்ப்பெழுத்தில் இருக்கும். துருவில் மறைந்திருந்தால் பிஸ்டனை எடுத்து வேர்ணியரால் அளவுங்கள். சனியின் மாஸ்டரும் சிலேவும் ஒரே காரில் இருந்து கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். அப்போது நீங்கள் சரிபார்க்க வேண்டியது மைனர் பெடலின் விகிதம் மட்டும்தான். அது ஒத்துவராவிட்டால் பெடலின் கீழ்க் கையில் புஷ்ரொட்டுக்கு வேறொரு துளை போட்டுச் சரிப்படுத்தலாம். சிலிண்டரை மாற்றுவதை விட அது மலிவு.

பெடல் பக்கத்தில்தான் உங்கள் மெக்கானிக்கோடு வாக்குவாதம் வரப் போகிறது. வழி இரண்டு. சனியின் தொங்கு பெடல் பெட்டியை அப்படியே எடுத்து மைனரின் முன் தகட்டில் பூட்டுவது ஒன்று. மைனரின் தரைப் பெடலை வைத்துக்கொண்டு மாஸ்டரைத் தரைக்குக் கீழே பூட்டுவது மற்றது.

தொங்கு பெடலுக்கு வசதி உண்டு. மாஸ்டர் பொனற்றுக்குள் கண்ணுக்கு முன்னால் இருக்கும், ஒயில் பார்ப்பது சுலபம். ஆனால் மைனரின் முன் தகடு மெல்லியது. அது கிளச் மாஸ்டரைத் தாங்க என்று செய்த தகடு அல்ல. மேலே பார்த்த கணக்கில் ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் 42 கிலோ அந்தத் தகட்டைத் தள்ளுகிறது. தகடு 2 மில்லிமீற்றர் வளைந்தால் சிலேவில் 1.4 மில்லிமீற்றர் காணாமல் போகும். நாள் போகப் போக போல்ற் துளையைச் சுற்றி வெடிப்பும் வரும். இந்த வழியில்தான் போவேன் என்றால் 3 மில்லிமீற்றர் தகடு ஒன்றை முன் தகட்டின் உட்பக்கத்தில் அகலமாக வைத்து, பெடல் பெட்டியின் மேல்பக்கத்தை டாஷ்போர்ட் அடியில் உள்ள பலமான பகுதிக்கு ஒரு தாங்கியால் இழுத்துக் கட்டுங்கள். ஒருவரைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டரின் உடம்பில் விரலை வைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் தாங்கி போதவில்லை.

நான் தரைப் பெடலின் பக்கம். மைனரின் பிரேக் மாஸ்டர் ஓட்டுநரின் காலடியில், சஸிக்குள் இருக்கிறது. கிளச் பெடலும் அதே இடத்து அச்சில்தான் திரும்புகிறது. அந்தச் சஸிப் பகுதிதான் காரின் முதுகெலும்பு, 42 கிலோவை அது பொருட்படுத்தாது. காரின் உள்தோற்றம் மாறாது. நாளைக்கு அசல் எஞ்சினைத் திருத்தி மறுபடி வைக்க ஆசை வந்தாலும் திரும்பிப் போகலாம். இவ்வளவு பழைய காரில் தகட்டை வெட்டாமல் செய்யக்கூடிய வேலையை வெட்டாமல் செய்வதே அந்தக் காருக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. பெடல் நடுவில் அச்சு உள்ளது, ஆகவே கால் முன்னுக்குப் போகும்போது அச்சுக்குக் கீழே உள்ள முனை பின்னுக்குப் போகும். மாஸ்டர் சிலிண்டர் தள்ளினால்தான் வேலை செய்யும், இழுத்தால் செய்யாது. கீழ் முனை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கையால் அசைத்துப் பார்த்து, அது வந்து தள்ளுகிற திசையில் சிலிண்டரை வையுங்கள். பெடல் பாதித் தூரம் போயிருக்கும்போது புஷ்ரொட்டும் சிலிண்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சரிந்து தள்ளினால் பிஸ்டன் ஒரு பக்கம் தேய்ந்து ரப்பர் கப் சீக்கிரம் போய்விடும். அந்தப் பகுதியில் முன் சக்கரத் தொங்கலின் டோர்ஷன் பாரும் ஓடுகிறது. அதில் வெல்டிங் சூடு படக் கூடாது, துரப்பணம் உரசக் கூடாது. ஒரு சிறு கீறலில் இருந்து அது முறியலாம்.

மாஸ்டர் கீழே இருப்பதால் ஒயில் கிண்ணத்தைத் தனியாக மேலே, பொனற்றுக்குள் வையுங்கள். மேற்பக்கம் குழாய் பூட்டும் மூக்குள்ள மாஸ்டரைத் தேடி எடுங்கள். கிண்ணத்தில் இருந்து வரும் ஹோஸ் பிரேக் ஒயிலுக்கு என்று செய்ததாக இருக்க வேண்டும். பெற்றோல் ஹோஸும் ரேடியேட்டர் ஹோஸும் சில மாதங்களில் உப்பி, கறுப்புத் துகள்களை உள்ளே விடும். அசல் மைனரில் பிரேக் ஒயில் பார்க்கக்கூடத் தரைவிரிப்பைத் தூக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கையோடு கையாக பிரேக்குக்கும் இப்படி ஒரு கிண்ணம் வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே கிண்ணம் வேண்டாம். கிளச்சில் கசிவு வந்து கிண்ணம் காலியானால் பிரேக்கும் கூடவே போகும். மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று, அதற்கு மாற்று வழியே இல்லை.

குழாய்க்கு 3/16 அங்குல பிரேக் பைப் போதும். செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதுவே சிறந்தது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். கடற்காற்றுள்ள எங்கள் ஊருக்கு இரும்புப் பைப்பை விட அது எவ்வளவோ மேல். சைலன்சர் குழாயில் இருந்து ஒரு கையகலமாவது தள்ளிக் கொண்டுபோங்கள். கியர்பொக்ஸுக்குத் தாண்டும் இடத்தில் மட்டும் ரப்பர் ஹோஸ். அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, ஆனால் எஞ்சின் முறுகும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும். பைப் வழியில் எங்கும் மேடு ஏறி இறங்க விடாதீர்கள். அந்த மேட்டில் காற்று குடியேறிவிடும்.

இங்கே ஓர் ஆபத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மைனர் காலத்து ஆங்கிலேயச் சிலிண்டர்களில் 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 புரி கொண்ட நட்டுகள் பரவலாக இருக்கும். ஜப்பானியச் சிலிண்டரில் 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் புரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீற்றர் என்பதால் அந்த நட்டு ஜப்பானியத் துளைக்குள் சற்று லூசாக ஏறிவிடும். சில சுற்றுகள் பிடிக்கும், இறுக்கினால் இறுகியது போலவும் இருக்கும். ஒருநாள் முழுப் பலத்தோடு கிளச்சை மிதிக்கும்போது புரி உரிந்து பைப் கழன்று வரும். இதே பிழை பிரேக்கில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நட்டையும் புரி அளவியால் பார்த்து, எந்தச் சிலிண்டருக்கு எந்த நட்டோ அதை அந்தப் பைப் முனையில் போட்டு விரியுங்கள். ஒரு பைப்பின் ஒரு முனையில் அங்குல நட்டும் மறுமுனையில் மில்லிமீற்றர் நட்டும் இருப்பதில் பிழையே இல்லை. பைப் வாயை விரிக்கும் வடிவமும் சிலிண்டரின் அடியில் உள்ள இருக்கைக்குப் பொருந்த வேண்டும். உள்ளே கூம்பு துருத்திக்கொண்டிருந்தால் ஒரு வடிவம், குழிந்திருந்தால் வேறு வடிவம். டோர்ச் அடித்துப் பாருங்கள்.

சுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர்க்காரர் நாங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இந்தப் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகளின் திறமை மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் எதையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் கராஜ்களில் ஊறிப்போய்விட்டது. கிளச் சிலிண்டரை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள். அதன் ரப்பர் கப்புகள் பெற்றோலிய எண்ணெயைத் தொட்டால் ஊதிப் பெருத்துப் பிஸ்டனைச் சிறைப்பிடித்துவிடும். எஞ்சின் ஒயில், கியர் ஒயில், கிரீஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது. மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவி உலரவிட்டு, புது பிரேக் ஒயிலைத் தடவிப் பூட்டுங்கள். கப் ஏற்கெனவே எண்ணெய் பட்டு ஊதியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள்.

ஒயில் டொட் 3 அல்லது டொட் 4. டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. இரண்டும் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். அதனால் மூடி திறந்து மாதக்கணக்காக அலமாரியில் கிடந்த போத்தல் வேண்டாம். சிலிக்கன் வகையான டொட் 5ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. டொட் 3 அல்லது டொட் 4 பெயிண்டில் சிந்தினால் துணியால் துடைப்பது போதாது, உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

காற்று எடுப்பதில் பலர் ஒரு நாள் முழுவதையும் தொலைக்கிறார்கள். சிலேவின் நிப்பிள் மேலே பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் போதவில்லை என்று யாராவது சிலேவைத் திருப்பிப் பூட்டியிருந்தால் நிப்பிள் பக்கவாட்டிலோ கீழேயோ இருக்கும். காற்று மேலே தங்கும், நீங்கள் கீழே ஒயிலை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் இரண்டு போல்ற்றையும் கழற்றி, சிலேவை நிப்பிள் மேலே வரும்படி கையில் பிடித்து, பிஸ்டனை உள்ளே முழுதாக அழுத்தி ஒரு கிளாம்பால் கட்டிவிட்டுக் காற்றை எடுங்கள். கட்டாமல் யாரும் பெடலை மிதித்தால் பிஸ்டன் பறந்து வெளியே வரும். மேலிருந்து கீழாக எடுத்துக் காற்று போகாவிட்டால் தலைகீழாகச் செய்யுங்கள். சுத்தமான பெரிய ஊசிக் குழாயில் ஒயிலை நிரப்பி, ரியூப்பால் நிப்பிளில் பொருத்தி, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினால் குமிழிகள் தம் இயல்புப்படி மேலே ஏறிக் கிண்ணத்தில் வெடிக்கும். மாஸ்டர் தரைக்குக் கீழே இருக்கும் காரில் இதுவே நல்ல வழி. கிண்ணம் நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாகச் சரிசெய்ய வேண்டிய இடங்கள். மாஸ்டரின் புஷ்ரொட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1 மில்லிமீற்றர் இடைவெளி கட்டாயம். பெடலை நன்றாக மேலே இழுக்கத் தனி ஸ்பிரிங்கும், அது வந்து நிற்க ஒரு தடையும் வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராது, கிண்ணத்துக்குப் போகும் நுண்துளை மூடியே இருக்கும். ஓடி எஞ்சின் சூடாகும்போது பைப்பில் உள்ள ஒயில் விரியும், திரும்பிப் போக வழி இல்லாமல் சிலேவைத் தள்ளும். காலையில் நன்றாக ஓடிய கார் பத்து மைல் போனதும் ஏற்றத்தில் வழுக்கும். கிளச் பிளேற் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினைக் கழற்றுவார்கள். ஒரு ஸ்பானரால் தீரும் விஷயம் அது.

சிலேவ் பக்கத்தில், போர்க் ஓய்வாக இருக்கும்போது பிஸ்டன் சிலிண்டரின் அடியில் முட்டி நிற்கக் கூடாது. பிளேற் தேயத் தேய போர்க் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், அது பின்வாங்க இடம் வேண்டும். அதே நேரம் பெடலை முழுதாக மிதிக்கும்போது பிஸ்டன் வாய்விளிம்புக்கு மிக அருகிலும் வரக் கூடாது. புஷ்ரொட்டின் நீளம் இந்த இரண்டுக்கும் நடுவில் அமைய வேண்டும். போர்க்கை இழுத்துவைக்கும் வெளி ஸ்பிரிங்கும் நீளம் மாற்றும் நட்டும் உள்ள சிலேவ் என்றால் போர்க் முனையில் ஓரிரு மில்லிமீற்றர் சும்மா ஆடும்படி விடுங்கள். உள்ளே ஸ்பிரிங் இருந்து தானாகவே சரிசெய்துகொள்ளும் வகை என்றால் வெளி ஸ்பிரிங் போடாதீர்கள். இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு முறையும் முதல் மிதி வெறுமையாகப் போகும்.

பெடலின் கீழே தரையில் ஒரு தடை வையுங்கள். கிளச் முழுதாக விடுபட்ட பின் இன்னும் கொஞ்சம் போய் அங்கே நிற்கட்டும். 11/16 சிலேவ் போன்ற சற்று அதிகம் நகரும் சேர்க்கை அமைந்துவிட்டால் இந்தத் தடைதான் பிரஷர் பிளேற்றைக் காப்பாற்றும்.

சோதனை எளிது. எஞ்சின் மெல்ல ஓடட்டும். கிளச்சை மிதித்து மனதில் ஐந்துவரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் கிளச் முழுதாக விடுகிறது. அரைத்துக்கொண்டு விழுந்தால் சிலேவின் நகர்வை ஸ்கேலால் அளவுங்கள். நீங்கள் எழுதி வைத்த எண்ணை விடக் குறைவாக இருந்தால் காற்றோ, தகடு வளைவதோ, ஹோஸ் ஊதுவதோ காரணம். எண் சரியாக இருந்தும் அரைத்தால் குற்றம் கியர்பொக்ஸின் முன்கூட்டுக்குள்ளே: பிளேற் நெளிந்திருக்கும், தண்டின் பற்களில் ஒட்டியிருக்கும், அல்லது பிரஷர் பிளேற் பொருந்தாதது. வெளியே எதைத் திருகியும் பயனில்லை.

வேலை தொடங்குமுன் இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருக்கின்றன. 1098 இருந்த இடத்தில் 1397 வரப் போகிறது. எஞ்சினை விற்பவரிடம் அதன் பத்திரங்களை வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். காப்புறுதிக்கும் அறிவியுங்கள். மற்றது பிரேக். 1098 மைனருக்கு முன்னால் 8 அங்குல டிரம் உண்டு, அதற்கு முந்திய மைனர்களில் 7 அங்குலம்தான். உங்கள் காரில் முன்னைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்கக்கூடும், சக்கரத்தைக் கழற்றி அளந்து பாருங்கள். 7 அங்குல டிரம்மோடு அந்த எஞ்சினை வைக்க வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் முதல் வாரம் தினமும் கிண்ணத்தின் மட்டத்தைப் பாருங்கள். சிலேவின் ரப்பர் தொப்பியை விலக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அங்கே ஒயில் ஈரம் தெரிந்தால் கப் கசிகிறது. சிலேவ் வெளியே இருப்பதால் இரண்டு போல்ற்றைக் கழற்றி அரை மணிநேரத்தில் மாற்றிவிடலாம். கப் செட் ஒன்றை வாங்கும்போதே இரண்டாக வாங்கி, ஒன்றைக் காரின் டிக்கிக்குள் போட்டு வையுங்கள்.